முயல்களுக்குப் போன தூக்கம்

முயல் வளர்க்கத் தொடங்கிய நான்காம் மாதம் லேத் பட்டறைக்காரரின் மனைவிக்குத் தூக்கம் அடியோடு நின்றுபோய், அது முயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டறையை மூடியிருந்த சமயம். பெண்கள் இருவரோடு சேர்த்து நாலு வாய்க்கும் வழி வேண்டுமென்று மாடியில் துணி காயப்போடும் இடத்தில் கம்பிவலைக் கூண்டு அடித்து, ஒரு கடாவும் சில பெட்டைகளுமாகக் கறிக்கு வளர்க்க ஆரம்பித்தார்கள். கூண்டு அடித்ததோடு கணவரின் பங்கு முடிந்தது. இரும்பையே சீவித் தள்ளுகிற மனுஷன், அறுபடும் முயல் பின்னங்காலை ஒருமுறை உதறியதைப் பார்த்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆகவே சந்தையில் கழித்துப்போட்ட கோஸ் இலை பொறுக்குவது, புழுக்கை அள்ளுவது, வாடிப்போன குட்டிகளை மடியில் போட்டுச் சூடேற்றுவது, அவை வளர்ந்ததும் கழுத்தைத் திருகித் தோலுரிப்பது என்று எல்லாம் அவள் தலையில் விழுந்தன. முதல் ஈற்றுக் குட்டிகள் நோஞ்சான்களாகவே இருந்தன. அவள் மடியில் கிடந்து பிழைத்த அடுத்த ஈற்றுக் குட்டிகளோ மளமளவென்று கொழுத்தன, தின்ற நேரம் போகத் தூங்கிக்கொண்டே இருந்தன. அவள்தான் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள்.

அந்தக் கறியில் இருப்பது என்னவென்று முதலில் கண்டுகொண்டவர் கீழ்த்தளத்து வீட்டுக்காரர். நாற்றம் தாங்கவில்லை, காலி செய்யுங்கள் என்று குதித்துக்கொண்டிருந்தவரைச் சமாதானப்படுத்த ஒரு தொடைக்கறி கொடுத்தனுப்பினார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் அடித்துப்போட்டாற்போல் தூங்கியதில், மறுநாள் மத்தியானம் அவர் மனைவி மூக்கில் கைவைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அதோடு நாற்றம் போன இடம் தெரியவில்லை. பிறகு தெருவே வந்தது. தொடையில் ஆழ்ந்த தூக்கம், ஈரலில் கனவில்லாத தூக்கம், தலைக்கறியில் வெறும் கோழித்தூக்கம் என்று வாங்குகிறவர்களே தரம் பிரித்துவிட்டார்கள். அவளைப் பரிசோதித்த டாக்டர் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு, போகும்போது அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார். அவளுக்கு முயலக்கா என்ற பெயர் நிலைத்தது.

இப்படியே வருஷங்கள் ஓடின. டீயில் உப்பைப் போட்டாள், துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள், மூத்த பெண்ணை இளையவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நீயும் ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன என்று கேட்காதவர் இல்லை. மடியில் சூடேற்றிய கையாலேயே கழுத்தையும் திருகியாகிவிட்டது, அதே கையால் எடுத்து வாயில் போட அவளுக்கு வரவில்லை. வெளியில் வாங்கிய முயலைச் சமைத்துப் பார்த்தார்கள். அதில் கறிதான் இருந்தது. கடைசியில் கூண்டுகளை விற்றுவிடப்போகிறாள் என்று பேச்சு அடிபட்டதும், வீட்டுக்காரர் தலைமையில் தெரு திரண்டு மாடியேறி வந்தது.

"நீ விட்டுட்டா நாங்கல்லாம் எப்படிம்மா தூங்குறது?" என்றார் அவர், கும்பிடாத குறையாக.

"நான் தூங்கலையேண்ணா."

"உனக்குத்தான் பழகிடுச்சே."

பாவம், அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். அவள் எழுந்து தீவனம் வைக்கப் போனாள். கணவர் அப்போது உள்ளேதான் இருந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அந்த வார்த்தையைக் கேட்டு அந்த முகம் சுண்டிப்போயிற்று.

அந்த மழைக்காலத்தில் ஒரு பெட்டை, குட்டி போட்ட மறுநாளே செத்துக் கிடந்தது. அது தன் மார்பு மயிரைப் பிய்த்துப் பரப்பியிருந்த பெட்டிக்குள் கண் திறக்காத குட்டிகள் நெளிந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். "என்னால முடியல" என்றாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவள் வாயால் அதைக் கேட்டதில்லை. கணவர் குட்டிகளை வாரித் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சொட்டு மருந்துக் குப்பியால் பால் புகட்டியதும், மடியில் கிடத்தியதும் அவர்தான். அவளைக் கிட்டே நெருங்க விடவில்லை. ஆனாலும் அவளுக்குப் போன தூக்கம் திரும்பி வரவில்லை. குட்டிகள் கொழுத்தன. அவர் கண்கள் சிவந்து உள்ளே போயின. அவள் வளர்த்த முயல் கறி சட்டியில் இருந்தது, ஒரு வாய் தின்றால் தூங்கியிருக்கலாம். அது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இத்தனை வருஷம் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று நினைத்து நினைத்து, சமயத்தில் கூண்டோரம் நின்று அழுதார்.

குட்டிகள் வளர்ந்ததும் அவற்றில் ஒன்றை அவரே திருகினார். இரண்டு தரம் வாந்தியெடுத்தார், ஆனாலும் உரித்து முடித்தார். மிளகாய் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, அடிப்பிடிக்கச் சமைத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதை நீ தொட்டதே இல்ல. நான் வளர்த்தது. சாப்பிடு."

அவள் தட்டையும் அவரையும் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். கை கழுவ எழுந்திருக்கக்கூட முடியாமல் தட்டோரத்திலேயே சாய்ந்தாள். அம்மாவின் மூடிய கண்களை வெகுகாலமாகப் பார்த்திராத பெண்கள் இருவரும் பயந்துபோய் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் ஈரத் துணியால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, தலைக்கு ஒரு தலையணை வைத்தார். கறி வாங்க வந்த வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்தி, அவள் தூங்குகிறாள் என்று தணிந்த குரலில் சொன்னார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அங்கே ஒரு ஈற்று அவள் மடியிலும் அடுத்த ஈற்று அவர் மடியிலுமாக வளர்ந்தது. அவள் வளர்த்ததை அவரும் அவர் வளர்த்ததை அவளும் சாப்பிட்டுத் தூங்கினார்கள். வெளியே கொடுக்கக் கறி அவ்வளவாக மிஞ்சவில்லை. தெருவில் மற்றவர்கள் வராத தூக்கத்துக்குப் புரண்டு படுத்துக்கொண்டார்கள்.