கதவுக்கு வெளியே பொம்மை

பத்து டேக் போயும் அந்தப் பொம்மை யாரையும் பயமுறுத்துவதாக இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால், காதில் ஹெட்போனோடு பாப்பாக்கா நின்றாள். வயது ஐம்பத்தாறு. முப்பது வருடங்களாகச் சினிமாவில் வரும் குழந்தைகளுக்கெல்லாம் குரல் கொடுத்துக் கொடுத்து, சொந்தப் பெயர் தேய்ந்துபோய், ஸ்டூடியோவில் எல்லோருக்கும் பாப்பாக்கா ஆகிவிட்டவள். அழுகிற குழந்தை, அடம்பிடிக்கிற குழந்தை, தொலைந்துபோன குழந்தை, எது வேண்டுமானாலும் அவள் தொண்டையில் தயாராக இருக்கும். கொலைகாரப் பொம்மைக்குப் பேசுவது மட்டும் இதுதான் முதல் தடவை.

திரையில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு சிறுமி குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு ஒளிந்திருக்கிறாள். வெளியே கவுன் போட்ட பொம்மை, கையில் கத்தரிக்கோலோடு. "கதவைத் திற" என்று ஒரே ஒரு வசனம்.

"அக்கா, நீங்க பூச்சாண்டி காட்டுறீங்க," என்றார் டைரக்டர். "முழங்கால் உசரம் இருந்துக்கிட்டு உறுமினா தியேட்டர்ல சிரிப்பாங்க. அன்பா கூப்பிடுங்க. நெஜமாவே போய்த் திறக்கலாம்னு தோணணும்."

மகளும் காலையில் போனில் இதைத்தான் சொன்னாள். "பொம்மைப் படமா? ஒரு உதை விட்டா அந்தப் பக்கம் போய் விழும். இதுக்குப் போய் இவ்ளோ பெரிய ஆளுங்க ஏம்மா ஓடுறாங்க?" என்று சிரித்தாள். அவள் தாயிடம் சிரித்துப் பேசுவதே அபூர்வம். அதற்குப் பிறகு சொன்னதுதான் பெரிய விஷயம். தன் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா வேலையிலிருந்து நிற்கப்போகிறாளாம். அடுத்த மாதத்திலிருந்து பகலில் பேத்தியைப் பாப்பாக்காவின் வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். அந்த நான்கு வயதுப் பேத்தியை இதுவரை ஒரு மணி நேரம்கூடத் தாயிடம் தனியாக விட்டதில்லை. பாப்பாக்கா தலைகால் புரியாத சந்தோஷத்தோடுதான் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள்.

பதினோராவது டேக்கில் அவள் எதையும் யோசிக்கவில்லை. களைத்துப்போயிருந்தாள். பொம்மை கதவில் கை வைத்ததும் தானாக வந்துவிட்டது.

"கண்ணு... கதவத் திறடா. ஒண்ணும் பண்ண மாட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். பொம்மைக்கு உதடு அசையாது என்பதால் வசனம் நீண்டதும் குறையாகத் தெரியவில்லை. "எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா," என்றார் டைரக்டர்.

பாப்பாக்கா ஹெட்போனைக் கழற்றினாள். அந்தக் குரல் எங்கே கிடந்தது என்று அவளுக்குத் தெரியும். கணவர் இறந்த புதிதில், நாளெல்லாம் மழலை பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் சொந்தப் பிள்ளையின் சத்தத்தை அவளால் தாங்க முடியாது. எதற்கெடுத்தாலும் கை நீண்டுவிடும். எட்டு வயது மகள் ஓடிப்போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொள்வாள். மிரட்டினால் திறக்க மாட்டாள். அதனால், மகளுக்கு உயிரான ஒரு கார்ட்டூன் முயலுக்குத் தான் பேசிவந்த குரலில் பாப்பாக்கா கண்ணு என்று கூப்பிடுவாள். பிள்ளை நம்பித் திறப்பாள். திறந்ததும் அடி விழும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. அடுத்த தடவையும் அதே குரலை நம்பி அந்தத் தாழ் விலகியதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். மகள் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. மறந்திருப்பாள் என்று இவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"இத அழிச்சிடுங்க தம்பி. இன்னொண்ணு பேசித் தரேன்."

"விளையாடுறீங்களா? படமே இதுலதான்கா நிக்குது."

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் பேத்தியோடு வந்தாள். மறுநாள்தான் குழந்தையை விடப்போகிற முதல் நாள். சின்னச் சின்ன உடுப்புகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"நீ பேசுன படத்தோட டிரெய்லர் வந்திருக்கு. பயமா இருக்கான்னு பார்ப்போமா?"

வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி உடைந்தது, யாரோ அலறினார்கள், மகள் சிரித்தாள். பிறகு அந்தக் குரல் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டது.

சிரிப்பு அப்படியே நின்றது. போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"மறந்திருப்பேன்னு நெனச்சியா?"

"அன்னிக்கு நான் மனுஷியாவே இல்லடி. இப்ப அப்படி இல்ல. என்னை நம்பு."

"நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் திறந்தேன்."

மகள் எழுந்தாள். அலமாரியிலிருந்து உடுப்புகளைத் திரும்ப எடுக்கப்போகிறாள் என்று பாப்பாக்கா நினைத்தாள். "ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

குளியலறைக் கதவின் உட்பக்கத் தாழைக் கழற்றினாள். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தாயின் உள்ளங்கையில் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மண்டியிட்டு, குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் கை எட்டுகிற உயரத்தில் தாழைப் பொருத்தத் தொடங்கினாள்.

"உள்ள மாட்டிக்கிட்டா என்னடி பண்றது?"

"மாட்டிக்கட்டும். நான் வந்து ஒடச்சுத் திறந்துக்கறேன்." கடைசித் திருகாணியை முடுக்கினாள். "நாளைக்கு எனக்கு வேற ஆள் இல்லம்மா. இருந்திருந்தா..."

குழந்தையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "பாட்டி கோவமா இருந்தா இங்க வந்து தாழ் போட்டுக்கணும். யாரு கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. எந்தக் குரல்ல கூப்பிட்டாலும். அம்மா வந்தாத்தான்."

குழந்தைக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. உள்ளே ஓடிக் கதவைச் சாத்தியது. தாழ் விழும் சத்தம் கேட்டது.

"பாட்டி, கூப்பிடு! நான் திறக்க மாட்டேனே!"

மகள் ஸ்க்ரூ டிரைவரோடு சுவரில் சாய்ந்து நின்றாள். பாப்பாக்கா கதவுக்கு முன்னால் வந்து வாயைத் திறந்தாள். முயலின் குரல்தான் முதலில் வந்து தொண்டையில் நின்றது. அதை விழுங்கினாள். அடுத்ததாக வந்ததும் யாரோ ஒரு குழந்தையின் குரல். தன்னுடையது எது என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. முழங்கால் வலிக்க மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"கூப்பிடு பாட்டி!"

கதவுக்கு அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. கூப்பிடுவதைக் கேட்பதற்காக அவை கதவோடு ஒட்டி நின்றன.