கண்ணாடியைத் தொட்டால்

முதல் மணி அடித்தபோது என் மூக்குக்கண்ணாடியை இன்னொருவருக்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னுடையது என்றால் நான் தினமும் போடுவது அல்ல. எங்கள் நாடகத்தில் பதினொரு வருஷமாக நான் நடித்த அப்பாவுடையது. பகலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன் என்பதால், பவர் இல்லாத வில்லை போட்டு நானே செய்தது. அதை வாங்கி மாட்டிக்கொண்டு, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார் இந்த முறை அப்பாவாக நடிக்க வந்த சினிமா நடிகர். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

"பத்தே பத்து ஷோ. ஹால் நிறையும்" என்று டைரக்டர் போன மாதம் சொல்லியிருந்தார். "நீ பக்கத்துலயே இருந்து பிராம்ட் குடுப்பா. உன்னை விட்டா அந்த வரியெல்லாம் வேற யாருக்குத் தெரியும்?" தோளில் தட்டிக்கொண்டே கழுத்தை அறுப்பதில் அவருக்கு நிகர் அவர்தான்.

எங்கள் குழுவில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வரி மறந்தால் அப்பா கண்ணாடியைத் தொடுவார். பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்கிரிப்டோடு நிற்பவன் முதல் இரண்டு வார்த்தையை மெல்ல எடுத்துக் கொடுப்பான். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான். எனக்கு ஒரு நாளும் அது தேவைப்பட்டதில்லை.

திரை விலகியதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினேன். நாற்காலியில் உட்காரும்போது நடிகர் ஒரு கணம் கேமராவைத் தேடுவதுபோல் முகத்தைத் தூக்கினார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே, நான் பதினொரு வருஷம் சொல்லியும் யாரும் சிரிக்காத ஒரு வரிக்கு மொத்த ஹாலும் சிரித்தது. மூன்றாவது வரிசையில் என் மனைவியும். முப்பதாவது ஷோவுக்குப் பிறகு, "எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சுங்க" என்று வருவதை நிறுத்திவிட்டவள். இன்று எனக்கு முன்பே கிளம்பி நின்றாள். நான் பேசும்போது நாற்காலியில் சாய்ந்திருந்தவள் இப்போது விளிம்புக்கு வந்திருந்தாள்.

கடைசிக் காட்சி. சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன மகன் பதினைந்து வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். அப்பா சொல்ல வேண்டியது ஒரே வரிதான். "கதவைச் சாத்திட்டு உள்ள வா, காத்து வருது."

மகன் வந்து நின்றான். நடிகர் அவனைப் பார்த்தார். அவர் கை மெல்ல எழுந்து கண்ணாடியைத் தொட்டது.

இரண்டே வார்த்தை. என் நாக்கு நுனியில்தான் இருந்தன. ஸ்கிரிப்ட்டில் குனிந்துகொண்டேன். மறுபடி தொட்டார். நான் நிமிரவில்லை. தடுக்கி விழட்டும், எல்லோரும் பார்க்கட்டும், அவளும் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

சத்தமே இல்லாமல் போகவே நிமிர்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். அதை மடித்து மேஜைமேல் வைத்தார். வெறும் கண்ணால் மகனைப் பார்த்தார், நம்பாதவர்போல. அவர் விரல்கள் நடுங்கின. அது நடிப்பல்ல, பயம். எனக்கு மட்டும் தெரியும். ஹாலில் யாரோ விம்முவது கேட்டது. பிறகு எங்கிருந்தோ அந்த வரி அவர் வாய்க்கு வந்து சேர்ந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

டைரக்டர் ஓடி வந்தார். "என்னா மௌனம்யா அது! ஸ்கிரிப்ட்ல எழுதிக்கோப்பா, இனிமே எல்லா ஷோவுலயும் வேணும்." பென்சிலால் எழுதினேன். என் கையெழுத்திலேயே.

கூட்டம் கலைந்ததும் நடிகர் ஒப்பனை அறையில் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு தடவை தொட்டேண்ணே."

"லைட்டு கண்ணுல அடிச்சுது சார். கவனிக்கல."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "அடுத்த ஷோவுலயும் லைட்டு அடிக்கட்டும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் மனைவி என் கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்தினாள். வெளியே இன்னும் வெயில் மிச்சமிருந்தது.

"நீங்க அவனை அப்படிப் பார்த்ததே இல்ல" என்றாள்.

"எவனை?"

"மகனைத்தான். வாசல்ல வந்து நின்னதுமே பேசிடுவீங்க."

"வரி அப்படித்தான் இருக்கு."

"இருக்கட்டும். பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்தவனை ஒரு நிமிஷம் பார்க்க வேணாமா?"

அந்த ஆளுக்கு வரி மறந்துபோச்சுடி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்ப நீங்க ஏன் எடுத்துக் குடுக்கல என்று அடுத்த கேள்வி கேட்பாள். நான் அங்கே எதற்கு நின்றேன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் அவரைக் கவிழ்க்க வேண்டுமானால் நானும் கூடவே கவிழ வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள், அதே மூன்றாவது வரிசைக்கு. கடைசிக் காட்சியில் மகன் வந்து நின்றான். நடிகர் கண்ணாடியைத் தொட்டார். மௌனம் என்று நான் எழுதிய இடத்தில் என் விரல் இருந்தது. நான்கு எண்ணினேன், ஐந்து எண்ணினேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. மறுபடி தொட்டார். பிறகு, போன வாரம் செய்யாத ஒன்றைச் செய்தார். தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. நடிக்கிறாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா? பதினொரு வருஷம் அந்த இடத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் அவள் கைக்குட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் உதடுகள் திறந்திருந்தன.