அழுகை ஒன்பது

காலை ஐந்தே காலுக்கு ஷரபுன்னிசா மலை உச்சியிலிருந்து ஏழாவது தடவையாக விழுந்தாள்.

திரையில் விழுந்தவன் ஹாரு என்கிற பத்து வயதுப் பையன். ஜப்பானில் வரைந்த பொம்மைப்படத்தின் கதாநாயகன். அவனுக்குத் தமிழில் குரல் கொடுப்பவள் ஷரபுன்னிசா. திருச்சி அரியமங்கலத்தில், முட்டை அட்டையும் பஞ்சும் ஒட்டிய எட்டடி அறைக்குள், மைக்குக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றபடி அவள் விழுந்தாள். சத்தம் மைக்கில் ஏறும் என்று உள்ளே ஃபேன் கிடையாது. துப்பட்டாவால் கழுத்து வியர்வையைத் துடைத்துத் துடைத்து அதுவும் நனைந்துவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்குகிறவன் நான், பூவரசன். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் குரலை வெட்டி ஒட்டித்தான் சோறு தின்கிறேன்.

"இந்தத் தடவ சரியா பூவண்ணே?" என்று கேட்டாள். குரல் கரகரத்தது.

சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி இளவரசன் உதட்டைப் பிதுக்கினார். "ஜப்பான்ல அந்தப் பொண்ணு இன்னும் நீளமா கத்துதே. இன்னொன்னு போகச் சொல்லு."

அந்தப் பெண் யாரென்று எங்களுக்குத் தெரியாது. மூலப்படத்தில் ஹாருவுக்குக் குரல் கொடுப்பவள், அவ்வளவுதான். தினமும் காதில் கேட்டுக் கேட்டு ஷரபுன்னிசா அவளை அக்கா என்றே சொல்லுவாள். போன சீசன் நடுவில் திடீரென்று அந்தக் குரல் மாறிவிட்டது. வேறு யாரோ. "பழைய அக்காவுக்கு என்னாச்சு பூவண்ணே?" என்று ஒரு வாரம் என்னைத் துளைத்தாள். எனக்கென்ன தெரியும்.

எட்டாவது தடவை விழுந்தாள்.

விடியற்காலையில் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். எங்களைச் சுற்றி லேத் பட்டறைகள். எட்டரைக்கு அவர்கள் ஷட்டரைத் தூக்கிவிட்டால், எத்தனை பஞ்சு ஒட்டினாலும் இரும்புச் சத்தம் உள்ளே வந்துவிடும். அதனால் எங்கள் வேலை நாலரையிலிருந்து எட்டரை வரை. இளவரசன் சார் முன்பு திருவானைக்காவலில் கேபிள் டிவி நடத்தியவர். வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்தவருக்கு ஒரு சேனலின் தமிழ் டப்பிங் வேலை கிடைத்ததும் யோகம் அடித்தது. ஜப்பான் பொம்மைப்படத்துக்கென்றே இருபத்துநாலு மணி நேரச் சேனல். தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று ஒவ்வொரு நாடாகப் பிடித்துக்கொண்டு வந்து, மூன்று வருஷம் முன்பு தமிழிலும் தொடங்கினார்கள். அப்போது எங்களுக்கு வாரம் இரண்டு எபிசோடு. இப்போது ஒன்பது. ஆள் மட்டும் அதே ஆள்தான்.

பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஜோதி வருவாள். ராணி, சூனியக்காரி, பள்ளிக்கூட டீச்சர் எல்லாம் அவள். அம்மாசி அண்ணன் முன்பு ஆட்டோவில் மைக் கட்டி ஜவுளிக்கடைத் தள்ளுபடியை ஊருக்குச் சொன்னவர். இங்கே அரக்கனும் பூதமும் அவர்தான்.

எங்கள் பேப்பரில் வசனம் அச்சடித்திருக்கும். வசனம் இல்லாத இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். நட்சத்திரம் வந்தால் மூச்சிரைக்க வேண்டும், அடி வாங்க வேண்டும், விழ வேண்டும், அழ வேண்டும். ரியாக்‌ஷன் என்று சொல்வோம். சம்பளம் வசனத்துக்கு மட்டுந்தான். தொண்டையைக் கிழிப்பதெல்லாம் நட்சத்திரம்.

ஒன்பதாவது தடவை அலறல் பாதியில் அறுந்தது. ஷரபுன்னிசா குனிந்து வெந்நீர் டம்ளரில் துப்பினாள். நிமிர்ந்து டம்ளரைக் கண்ணாடிக்கு நேரே பிடித்துக் காட்டினாள். தண்ணீர் சிவந்திருந்தது. வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். மைக் திறந்துதான் இருந்தது. என் ஹெட்போனில் வெறும் காற்று வந்தது.

நான்தான் ஸ்கூட்டரில் ஏற்றிப் போனேன். குரல்வளையில் கிழிந்து ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. மீறினால் பழைய குரல் திரும்பாது.

மறுநாள் இளவரசன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாவம்யா அந்தப் பொண்ணு. நம்ம குடும்பத்துல ஒருத்தி மாதிரி. நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். வசனத்துக்கு அறிவுமதின்னு ஒரு காலேஜ் பொண்ணு வருது. குரல் ஒத்துப்போகுது. ரியாக்‌ஷனுக்கு நம்மகிட்டதான் ஸ்டாக் இருக்கே."

ஸ்டாக் என்றால் என் கைவேலை. அவர் சொன்னாரென்று மூன்று வருஷமாக இவர்கள் போட்ட ஒவ்வொரு அலறலையும் தனியாக வெட்டி, விழுதல் இருபத்திரண்டு, சிரிப்பு முப்பத்தொன்று என்று பெயரிட்டு அடுக்கியிருந்தேன். அவசரத்துக்கு உதவும், இவர்களுக்கும் கொஞ்சம் சிரமம் குறையும் என்று நினைத்தேன், மடையன்.

"இந்த வாரம் ஹாருவோட ஃபிரெண்டு சாகுற எபிசோடு" என்றார். "வெள்ளிக்கிழமை போயாகணும். அதுல அழுகை ஒன்பதைப் போடு. அந்த மாதிரி அழுகை எந்த நாட்டுலயும் கிடைக்காதுய்யா. இனிமே எல்லாருக்குமே இதான். வந்தாங்களா, வசனத்தப் படிச்சாங்களா, போனாங்களான்னு இருக்கட்டும். சென்னையில ஒரு டப்பிங் கம்பெனிக்காரங்க மொத்த ஸ்டாக்கையும் விலைக்குக் கேட்டிருக்காங்க."

 அழுகை ஒன்பது என்னவென்று அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

போன வருஷம் ரம்ஜான் முடிந்த மறுவாரம். ஷரபுன்னிசாவின் தம்பி ரஃபீக் சவூதியில், தம்மாமில் கட்டட வேலையில் இருந்தான். சாரம் சரிந்து அடிபட்டு இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதனால் போனை உள்ளே வைத்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தோம். ஒரு டேக்கின் நடுவில் போன் வந்தது. எடுத்துக் கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் பதிவை நிறுத்தியிருக்க வேண்டும். என் விரல் பட்டனுக்குப் போகவில்லை. நாலு நிமிஷம் ஓடியது. அப்புறம்தான் ஜோதியைக் கூட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். அழித்துவிடலாம் என்று மறுநாள் எடுத்தபோது இளவரசன் சார் தோளில் கை வைத்தார். "அழிச்சிடாத. வச்சுக்க." வைத்துக்கொண்டேன். ரஃபீக், ரஃபீக் என்று அவள் கதறிய இடங்களை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தையல் தெரியாமல் சேர்த்து வைத்தேன். நல்ல வேலைக்காரன் நான்.

புதன்கிழமை சாயங்காலம் ஜோதியும் அம்மாசியும் பாலக்கரையில் அவள் வீட்டுக்கு மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். அவள் மகள் சம்ரீன் டிவிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஹாரு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அம்மா பேச முடியாமல் பின்னால் உட்கார்ந்திருக்க, அம்மாவின் குரல் டிவியில் சண்டை போட்டது. ஷரபுன்னிசா சைகை காட்டினாள். சம்ரீன் டிவியை அணைத்துவிட்டு டீ சொல்லப் போனாள்.

அப்போதுதான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ரெக்கார்டு ஓடியதை, வெட்டியதை, வெள்ளிக்கிழமை அது ஹாரு வாயில் ஏறப்போவதை.

 ஷரபுன்னிசா நோட்டை எடுத்து எழுதி ஜோதியிடம் கொடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. ஜோதி படித்தாள்: "அது என் தம்பிக்கு அழுதது. சம்ரீன் டிவியில கேப்பா."

 "இப்பவே போய் அழிச்சிடறேன்" என்றேன்.

"அழிச்சிட்டு?" என்றாள் ஜோதி. "அவர்கிட்ட இன்னொரு காப்பி இல்லாமலா இருக்கும்? உங்கள திருட்டு கேஸ்ல உள்ள தள்ளுவாரு. சென்னையிலேர்ந்து வேற ஆள் வருவான். அடுத்து என் அழுகை, அம்மாசி அண்ணன் அலறல், எல்லாம் லாரி ஏறிடும். ஒத்தையா ஒண்ணும் செய்யாதீங்க பூவரசன். ஏற்கெனவே ஒத்தையா செஞ்சது போதும்."

சுருக்கென்று தைத்தது. வாங்கிக்கொண்டேன்.

அம்மாசி தாடையைச் சொறிந்தார். "சம்பளம் வசனத்துக்குத்தானே குடுக்குறாரு? வசனத்த மட்டும் படிச்சா என்ன?"

ஜோதி அவரையே பார்த்தாள். "ரியாக்‌ஷன் குடுக்கக் கூடாதுங்கிறீங்க."

"ஒரு மூச்சு கூட" என்றார் அம்மாசி.

ஷரபுன்னிசா மறுபடி எழுதினாள். "வெள்ளிக்கிழமை நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை நாலரைக்கு எல்லோரும் ஸ்டூடியோவில் இருந்தோம். அறிவுமதியும் வந்திருந்தாள். இருபது வயது இருக்கும். ஜோதி அவளை ஓரமாகக் கூட்டிப்போய் ஐந்து நிமிஷம் பேசினாள். ஷரபுன்னிசா கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ரெக்கார்டிங் அறையின் மூலையில் தரையில் உட்கார்ந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஏழரை வரை வசனக் காட்சிகளாகவே ஓடின. முதல் நட்சத்திரம் அரக்கன் சாவது. "உன்னை விடமாட்டேன்" என்று அம்மாசி கனமாகச் சொன்னார். வாள் பாய்ந்தது. நட்சத்திரம். அம்மாசி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையில் அரக்கன் வாயைப் பிளந்து, துடிதுடித்து, ஒரு சத்தமும் இல்லாமல் செத்துப்போனான்.

இளவரசன் சார் மைக் பட்டனை அமுக்கினார். "என்னண்ணே, கத்தலையே?"

"பேப்பர்ல வசனம் ஒண்ணும் இல்லீங்களே சார்."

"ஸ்டார் இருக்குல்ல?"

"இருக்கு சார். அத எப்ப சம்பளக் கணக்குல எடுத்தீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த காட்சிக்குப் போகச் சொன்னார். ஜோதியின் ராணி மயங்கி விழுந்தாள். அதற்கும் சத்தமில்லை. அறிவுமதி முறை வந்தது. ஹாருவின் வசனத்தை நன்றாகவே சொன்னாள். நண்பன் கண்ணை மூடினான். ஹாருவின் வாய் கோணியது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"மொத நாளே வேலய விடப்போறியாம்மா?"

"சார், அந்தக்காவுக்கு ரத்தம் வந்துச்சாமே. எனக்கும் ஒரு தொண்டைதான் சார் இருக்கு."

சார் சிரிப்பதை நிறுத்தினார். எழுந்து கண்ணாடிக்கு அருகில் போனார். "சரி. என்ன வேணும் உங்களுக்கு?"

ஜோதி மைக்குக்கு வந்தாள். "ஷரபுவோட வைத்தியத்த நீங்க பாக்கணும். ரியாக்‌ஷனும் வேலைதான்னு எழுதித் தரணும். எங்கள கேக்காம எங்க குரல எங்கயும் போடக் கூடாது, எங்கயும் அனுப்பக் கூடாது. அழுகை ஒன்பதை எங்க கண்ணு முன்னாடி அழிக்கணும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியானேன். "ஓ, அது வரைக்கும் போயிடுச்சா. இங்க பாருங்க, என் மைக்குல, என் கரண்டுல பதிஞ்சது. அது என் சொத்து."

"மைக்கு உங்களுது சார். செத்தது அவ தம்பி."

"ஆசியா பூராவும் இப்படித்தாம்மா நடக்குது. நீங்க நாலு பேர் இல்லேன்னா சேனல் நின்னுடுமா?"

"ஆசியா பூராவும் எங்கள மாதிரி நாலு நாலு பேரு இருப்பாங்கல்ல சார்" என்றாள் ஜோதி.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. மூலப்படத்தின் ஒலியைப் பெரிய ஸ்பீக்கரில் திருப்பினார். "கேளுங்க. அவங்கள்லாம் எப்படி உசிரக் குடுத்து செய்றாங்க, கேட்டுக் கத்துக்கங்க." புதிதாக வந்த ஜப்பான்காரியின் அழுகை அறை முழுக்க நிறைந்தது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து. ஷரபுன்னிசா மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது. அழுகை முடியும் இடத்தில் அந்தக் குரல் லேசாகக் கிழிந்ததை நானும் கேட்டேன். எங்கள் காதுக்கு அது தப்பாது. ஜோதிக்கும் கேட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும்" என்றார் சார். "பூவரசா, ஒன்பதைப் போடு."

அந்த ஃபைல் என் கண் முன்னால்தான் இருந்தது. இழுத்து வைத்தால் ஒரு நொடி வேலை. சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், பயந்தேன். எனக்கு நாற்பத்தொரு வயது. இந்த வேலையைத் தவிர வேறு தெரியாது. திருச்சியில் இன்னொரு ஸ்டூடியோவில் என்னைச் சேர்ப்பார்களா என்று அந்த நேரத்திலும் மனசு ஓடியது.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"முடியாதுங்க சார்."

"என்னய்யா சொன்ன?"

"பேர வெட்டி எறிஞ்சதே நான் செஞ்ச பாவம். இதையும் செய்ய முடியாது."

அவர் என் நாற்காலியைப் பிடித்து இழுத்தார். தானே உட்கார்ந்து மவுஸை இப்படியும் அப்படியும் உருட்டினார். முன்னூறு ஃபைல். எதைத் திறந்து எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. திரையில் ஹாரு வாயைத் திறந்து திறந்து மூடினான். கடைசியில் போனை எடுத்துக்கொண்டு, "சென்னையிலேர்ந்து திங்கக்கிழமையே ஆள் வரும், பாத்துக்கறேன் உங்கள" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வந்தாலும் வரும். அவருக்கு அது முடியாத காரியம் இல்லை.

நான் நடுவில் நின்றேன். அவர் பக்கத்திலும் இல்லை, இவர்கள் பக்கத்திலும் இல்லை. கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

ஷரபுன்னிசா எழுந்து நின்றிருந்தாள். நோட்டைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். "ரஃபீக் பேரு எங்க?"

"அழிச்சிட்டேம்மா. இல்ல" என்றேன். மைக் இல்லாமலே என் உதட்டைப் படித்துவிட்டாள்.  அவள் கண் நிறைந்து வழிந்தது, சத்தமில்லாமல். பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கீழே இன்னொரு வரி எழுதிக் காட்டினாள். "உள்ள வாங்க பூவண்ணே."

மன்னித்தாளா, தெரியாது. அவசரத்துக்கு ஓடியதைத் தவிர, அந்த அறைக்குள் நான் மைக் மாற்றவும் ஒயர் சரிபார்க்கவும் மட்டுமே போயிருக்கிறேன். கனத்த கதவைத் தள்ளித் திறந்தேன். உள்ளே அனல் அடித்தது. இந்தப் புழுக்கத்திலா மூன்று வருஷம் நின்றார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

வெளியே முதல் பட்டறையின் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே லேத் சுழல ஆரம்பித்தது. இனி இன்றைக்கு ஒரு வரியும் பதிய முடியாது. யாரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. அறிவுமதி பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே, "நாளைக்கும் நாலரைக்கு வரணுமாக்கா?" என்று கேட்டாள்.

"வரணும். எல்லாரும் வரணும்" என்றாள் ஜோதி.

ஷரபுன்னிசா தரையில் உட்கார்ந்து, காலை மடக்கி எனக்கு இடம் விட்டாள்.