கோட்டின் உள்பக்கம்

கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் டெய்லர் ஓடினார். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஓடுகிற ஓட்டமா அது!

"டேய், செருப்பையாவது போட்டுக்கிட்டு ஓடுடா!" கடை வாசலிலிருந்து அக்கா கத்தினாள்.

செருப்பா முக்கியம்? ஸ்பானிஷ் டீச்சரின் சாம்பல் நிறக் கோட்டை அக்கா இப்போதுதான் அவரிடம் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நாலு வாரமாக அதே கோட்டில் அதே பொத்தான் அறுந்து வருகிறது. "உன் தையல் ஏழு நாள் தாங்காதா? அந்தம்மா முகத்துல எப்படிடா முழிக்கிறது?" என்று அக்கா வேறு தினமும் குத்திக்காட்டினாள்.

டெய்லருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று. அந்த டீச்சரின் மாலை வகுப்பில் அவரும் சேர்ந்திருந்தார். நோட்டை விரிக்க நேரம் ஏது? கையில் இருக்கிற துணியின் உள்பக்கத்திலேயே சாக்பீஸால் பாடத்தை எழுதிப் பார்ப்பார், பிறகு தட்டிவிடுவார். இந்த வாரப் பாடம் 'பெங்கா'. "வந்தாங்க, வருவாங்கன்னு அடிச்சுச் சொல்றதுக்கு இது இல்ல. வரணுமேன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது பாருங்க, அதுக்குத்தான். முன்னாடி 'ஓஹலா' சேர்த்துக்கோங்க," என்று டீச்சர் விளக்கியிருந்தார்.

டெய்லர் அந்தச் சாம்பல் நிறக் கோட்டின் உள்பக்கத்திலேயே சேர்த்து எழுதிக்கொண்டார். 'ஓஹலா பெங்கா.' அவங்க வரணுமே! கை அதோடு நிற்கவில்லை. கீழே தமிழில், 'டீச்சர், ஞாயிற்றுக்கிழமை, ஒரு காப்பிக்கு.' தட்ட மறந்துவிட்டார். இதைப் படித்தால் வகுப்பும் போச்சு, வாடிக்கையும் போச்சு, சனிக்கிழமைதோறும் கடைப்படி ஏறும் அந்தச் சிரிப்பும் போச்சு.

பஸ் ஸ்டாப்பில் கோட்டும் கையுமாக நின்றிருந்தார் டீச்சர்.

"டீச்சர்... அந்தக் கோட்டை... ஒரு நிமிஷம்..."

"என்ன டெய்லர் சார், இப்படி மூச்சு வாங்குது?"

"உள்ளே ஒரு ஊசி மாட்டியிருக்கும்."

"ஊசி இல்லையே. எழுத்துதான் இருந்துச்சு."

வரிசையில் நின்ற பத்துப் பேரும் திரும்பினார்கள். டெய்லருக்குக் காது மடல் சுட்டது.

"தப்பா எழுதிட்டேனா?"

"ரெண்டு வார்த்தையும் சரி. முழு மார்க்." பஸ் வந்தது. டீச்சர் ஏறவில்லை. கைப்பையைத் துழாவினார். "பொத்தானுக்காக உங்க அக்கா உங்களைத் திட்டுறாங்களாமே? பாவம். உங்க தையல் ரொம்பக் கெட்டி, டெய்லர் சார். நாலு வாரமும் இது இல்லாம முடியலை."

விரித்த உள்ளங்கையில் விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கத்தரிக்கோல். அதன் வாயில் இன்னும் சிக்கிக் கிடந்தது, டெய்லரின் சாம்பல் நிற நூல்.