கோட்டுக்கு உள்ளே காய்ந்த நெல்

சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் நடக்கும் டிரைவிங் ஸ்கூலில், மீசை முளைத்தும் முளைக்காத பிள்ளைகளுக்கு நடுவே திருநாவுக்கரசு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் படிக்க வந்த விவசாயியை முதல் நாள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள், மறுநாள் மறந்துவிட்டார்கள். கார் மேல் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. மகள் சுவேதாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டோடு கிடந்தவள், ஆனியில் காலேஜ் திறந்ததும் போகிறேன் என்கிறாள். நம் ஊர் பஸ்களின் படியில் நல்ல கால் இருக்கிறவனே தொங்கிக்கொண்டுதான் போகிறான். மச்சான் இளவரசு தன் பழைய காரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஓட்டத்தான் ஆள் வேண்டும்.

பாடம் நடத்தும் பிரிசில்லா கறாரான பெண். அன்றைக்குப் பலகையில் ஒரு ரோட்டை வரைந்து, ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குள் சைக்கிள் படம் போட்டாள். கோடு விடாமல் முழுசாக ஓடினால் உள்ளே இருப்பது சைக்கிளுக்கு மட்டும். கார் அதற்குள் போகவும் கூடாது, நிற்கவும் கூடாது. விட்டு விட்டு இருந்தால் திரும்புவதற்குத் தாண்டலாம், அதுவும் சைக்கிளுக்கு வழிவிட்ட பிறகு. பாதையில் ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால் சைக்கிளில் வருகிற ஆள் நம் முன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும், அதை எதிர்பார்த்து வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவனுக்குத்தான் லைசென்ஸ் என்றாள்.

"எங்க ஊர்ல அது நெல்லு காயப்போடுறதுக்கு, மேடம்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. பிரிசில்லாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திருநாவுக்கரசு மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் சொன்னதில் பொய் இல்லை. புவனகிரிக்கு அப்பால் அவர் ஊர்ப் பக்கம் ரோட்டை அகலப்படுத்தி, கோடு போட்டு, சைக்கிள் படமும் வரைந்துவிட்டுப் போனார்கள். அந்தப் படத்தை ஊரில் ஒருவர் ஏறெடுத்துப் பார்க்க வேண்டுமே! புதுத் தார், நல்ல வெயில், ஓரமாக இடம். நம் கண்ணுக்கு அது களமாகத்தான் தெரியும், வேறு என்னவாகத் தெரியும்? போன வருஷம் தை அறுப்பில் அங்கே முதலில் நெல்லைக் கொட்டியவர் திருநாவுக்கரசுதான். வண்டி எதுவும் ஏறிவிடக் கூடாதென்று கோட்டின் மேலேயே கருங்கல்லையும் வரிசையாக வைத்தார். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்டாப்பில் போட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்த சுவேதா, நெல் கிடந்த இடம் வந்ததும் கோட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினாள். பின்னால் ஒரு மினி லாரி வந்தது.

போலீஸ் கேட்டபோது லாரி வேகமாக வந்ததென்று மட்டும் சொன்னாள். நெல்லைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கியிருக்கும். நெல் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்கப் பல தடவை அவள் கட்டிலருகே போய் நின்றிருக்கிறார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அந்த நெல்லை அவர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. யார் அள்ளிப் போனார்கள் என்றும் விசாரிக்கவில்லை.

எல்.எல்.ஆர். பரீட்சையில் கம்ப்யூட்டரில் சைக்கிள் படம் போட்ட கேள்வி வந்தது. சரியான விடையைத் தொட்டுவிட்டார். லைசென்ஸ் டெஸ்டுக்கு முந்தின வாரம், மகளை ஏற்றிக்கொண்டு போகப்போகிற ரோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள் என்று பிரிசில்லா சொன்னாள். அவள் பக்கத்தில் உட்கார, சுவேதா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பங்குனி வெயில். ஊர் நெருங்கும்போது, கோட்டுக்கு உள்ளே யாரோ உளுந்து பரப்பியிருந்தார்கள். முன்னால் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். உளுந்து வந்ததும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கினாள். திருநாவுக்கரசு பிரேக்கை அழுத்தினார். அவளைத் தாண்டாமல், அவள் மிதிக்கிற வேகத்துக்கே பின்னால் ஊர்ந்து போனார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தது.

"எடம் இருக்குண்ணே, தாண்டிப் போலாம்" என்றாள் பிரிசில்லா.

அவர் தாண்டவில்லை. உளுந்து முடிந்து அந்தப் பெண் மறுபடி கோட்டுக்குள் போகும்வரை அவளுக்குப் பின்னாலேயே போனார். அப்புறம் ஒரு மண்பாதையில் திருப்பி வண்டியை நிறுத்தினார்.

"என்னப்பா?" என்றாள் சுவேதா.

திரும்பி அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டார். "அன்னிக்கு நெல்லு மேலயே ஓட்டிக்கினு வந்திருக்கலாமேம்மா. ஏன் ரோட்டுல எறங்குன?"



"நம்ம நெல்லுப்பா. நீ காலையிலேர்ந்து வெயில்ல நின்னு கெளறி வுட்டது. அதுமேல எப்படிப்பா சைக்கிள ஏத்துறது?"

திருநாவுக்கரசு ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு மீதித் தூரத்துக்குப் பிரிசில்லாதான் வண்டியை ஓட்டினாள்.