நாற்பத்தோராவது வீடு

காலண்டர் வாசலில் செருப்பைக் கழற்றுவது ஜன்னல் வழியே தெரிந்ததும் அவள் மடிக்கணினியைச் சார்ஜரோடு பிடுங்கித் துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் திணித்தாள். ஒயர் வெளியே தொங்கியது. அதையும் உள்ளே சுருட்டித் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து நின்றுகொண்டாள். புருஷனை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் எதைத் தேடி வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

காலண்டர் என்பது அவள் கணவர் வைத்த பெயர். அலுவலகத்தில் அவருக்கு மேலே இருப்பவன், வயதில் பதினைந்து வருஷம் சின்னவன். வாயைத் திறந்தால் தேதிதான் வரும். பதிலுக்கு அவன் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டான். அதில் கேலி பாதி, உண்மை பாதி. அவர் பார்த்தது வீடு கட்டுகிற வேலைதான், மண்ணில் இல்லை, அவ்வளவே.

இருபது வருஷத்துக்கு முன்னால் உள்ளங்கையில் வைத்து ஆடுகிற குட்டி இயந்திரத்துக்கு ஒரு விளையாட்டு வந்திருந்தது. மந்திரவாதி ஒருத்தன் களவாடிப் போன மழையைத் தேடி ஒரு பெண் ஏழு ஊர் நடக்கிற கதை. அதையே இப்போது டிவியில் பெரிதாக ஆடுகிற மாதிரி மறுபடி செய்துகொண்டிருந்தார்கள். பழையதில் வீடெல்லாம் வெறும் படம். கதவுக்கு முன்னால் போய்ப் பொத்தானை அமுக்கினால் ‘பூட்டியிருக்கிறது’ என்று ஒரு வரி வரும். புதியதில் அத்தனை கதவும் திறக்க வேண்டும் என்று முடிவாயிற்று. திறந்தால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே. அந்த உள்ளேயைச் செய்கிறவர் அவர். மூன்று வருஷமாக ஊரான் வீட்டுக்கெல்லாம் அடுப்பும் கட்டிலும் போட்டுக்கொண்டிருந்தார். சொந்த வீட்டுக் குளியலறையில் குழாய் ஒழுகியதை அவள்தான் ஆள் கூட்டிவந்து சரி செய்தாள்.

அக்கா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவளைவிட எட்டு வயது பெரியவள். நேற்று மத்தியானம் வந்தவள் இன்னும் உட்காரக்கூட இல்லை.

“ஆபீஸ்லேர்ந்து ஒருத்தன் வந்திருக்கான். காலைல அங்கயும் வந்திருந்தானே, அவன்தான். ஏதோ கேக்கணுமாம். நாளைக்கு வான்னு சொல்லிடவா?”

“வேணாம். வரச் சொல்லு.”

காலண்டர் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். காலையில் போட்டிருந்த அதே சட்டை, முழங்கையில் மண். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணி, இதைக் கேக்கறதுக்கு எனக்கே கூசுது.”

“கூசுதில்ல. அப்ப கேக்காதீங்க.”

“கடைசி ஊர், துறைமுகம், மொத்தம் நாப்பத்தோரு வீடு. அதெல்லாம் மேஸ்திரியோட லேப்டாப்லதான் இருக்கு. பதினோரு நாளா அவரு சர்வர்ல ஏத்தலை. முழுசா வேகாம இலையில போட மாட்டேன்பாரு, உங்களுக்குத் தெரியும்.” அவன் கடிகாரத்தைப் பார்த்தான். “இன்னிக்கு அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் மூடி அனுப்பணும். அதுக்கு மேல ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. இல்லைன்னா அந்த ஊர் முழுக்கக் கதவு பூட்டினதாவே போயிடும். பழையதுல இருந்த மாதிரி.”

“போகட்டும்.”

“அண்ணி.”

“தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன. அந்த ஊர்ல கதவு தொறந்தா என்ன தம்பி, தொறக்கலைன்னா என்ன? என் வீட்டுக் கதவைத் தொறந்து பாத்தவ நான்.”

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “ஏன்ப்பா, உங்களுக்கெல்லாம் வீட்ல மனுஷங்க கிடையாதா? ஆளைத்தான் உறிஞ்சியாச்சே, இன்னும் என்ன மிச்சம்னு வந்து நிக்கற?”

அவளுக்கும் அக்கா சொன்னது சரி என்றுதான் பட்டது. அந்தப் பெட்டிதான் அவரைத் தின்றது. அது போர்வைக்கடியிலேயே கிடந்து பட்டுப்போகட்டும் என்று மனதாரச் சபித்தாள்.

நேற்றுக் காலை நடந்ததை அவள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லியிருந்தாள். விடுதியில் காலைச் சமையல் முடித்துப் பதினோரு மணிக்கு வந்தேன், வந்ததும் பார்த்தேன், உடம்பு சில்லிட்டிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்து, எட்டு ஒன்பது மணிக்கே போயிருக்கும் என்றார். இருநூறு பேருக்குச் சமைக்கிற கை, நேரம் தப்பாமல் சொல்லும், யாரும் சந்தேகப்படவில்லை.

வந்ததும் பார்த்தாள் என்பது பொய். அவர் காதில் ஹெட்போனோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் அப்படித் தூங்குவது வழக்கம்தான். எதிரே திரையில் விளையாட்டுப் பெண் ஒரு அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். யாரும் நகர்த்தாவிட்டால் அவள் அப்படியே நின்று மூச்சு வாங்குவாள், தோள் ஏறி இறங்கும், எப்போதாவது கால் மாற்றி நிற்பாள். இவள் அதையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பால் வாங்கி வைக்கவில்லை. காலையில் போட்டுக் கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. ஆரம்பித்தாள். பாத்திரம் விளக்கிக்கொண்டே முக்கால் மணி நேரம் விடாமல் திட்டினாள். கடைசியாக, இந்த வீட்டில் பொணம் விழுந்தால்கூட உங்களுக்குத் தெரியாது என்றாள். அதற்கும் பதில் வராமல் போகவேதான் கோபத்தோடு வந்து ஹெட்போனைப் பிடுங்கினாள்.

இதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை.

“நேத்து நான் மூணு தடவை கூப்பிட்டேன்,” என்றான் காலண்டர். “எடுக்கலை. எனக்குக் கோவம் வந்துடுச்சு. மெசேஜ் போட்டேன். வயசானா வேலையை விட்டுப் போகணும், இப்படி எல்லார் கழுத்தையும் அறுக்கக் கூடாதுன்னு.”

“பாத்தேன்.”

“பாத்தீங்களா.”

“போன் என்கிட்டதானே இருக்கு. எத்தனை மணிக்குப் போட்டீங்க?”

“ஒம்பதே முக்கால்.” அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அதைத்தான் அண்ணி நானும் யோசிச்சிட்டே இருக்கேன். அப்ப அவரு இருந்தாரா, இல்லையா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?”

அவள் அவனைப் பார்த்தாள். முப்பது வயதிலேயே முன்தலை காலியாகிக்கொண்டிருந்த பையன். அவன் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருந்தார் என்று ஒரு பொய், இல்லை என்று ஒரு உண்மை, எது அவனுக்குக் குறைவாக வலிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கே எது குறைவாக வலிக்கும் என்றும் தெரியவில்லை.

“தெரியலை தம்பி. சரியா நேரம் சொல்லலை.”

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். போர்வைகள் சரிந்து விழுந்தன. மடிக்கணினியை எடுத்து அவன் முன்னால் மேஜையில் வைத்தாள். அக்கா, “ஏய்,” என்றாள். பிறகு சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

வீடுகள் சர்வருக்கு ஏற இருபது நிமிஷம் ஆகும் என்றான் காலண்டர். வேறு வேலை இல்லாததால் அந்த இருபது நிமிஷம் மிகவும் நீளமாக இருந்தது.

“அதைக் காட்டு,” என்றாள்.

“எதை அண்ணி?”

“அவரு கட்டினதை.”

அவன் மேஜையில் கிடந்த கண்ட்ரோலரை எடுத்தான். துறைமுகத் தெருவில் அந்தப் பெண் நடந்தாள். முதல் கதவு திறந்தது. கயிறு திரிக்கிறவன் வீடு. ஆள் யாரும் இல்லை. ஆட்களை வைப்பது வேறொருவர் வேலை, அவர்கள் ஏற்கெனவே சர்வரில் தயாராக இருக்கிறார்கள் என்றான் அவன். பாதி திரித்த கயிறு, கழற்றிப் போட்ட ஈரச் சட்டை, கடித்து வைத்த ரொட்டி. இப்போதுதான் எழுந்து போனதுபோல இருந்தது.

இரண்டு, மூன்று, நான்கு என்று கதவுகள் திறந்தன. அவள் ஒவ்வொன்றிலும் தன்னைத் தேடினாள். தன் பழைய நீலப் புடவை, தன் கைப்பை, தான் உட்காருகிற மூலை, ஏதாவது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தேடினாள். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளை இத்தனை வீட்டில் ஒரு ஆணியில்கூட மாட்டிவைக்காமலா போய்விட்டார்? ஒன்பதாவது வீட்டில் அவளுக்குக் கோபமே வந்தது.

“நிறுத்து. இது என்ன, ஜன்னலுக்கு நேர் கீழ அடுப்பு? கடல் காத்து அடிச்சா நெருப்பு நிக்குமா?”

“அது… பாக்க அழகா இருக்கும்னு.”

“அழகை வெச்சு ஒலை கொதிக்காது. தண்ணிப் பானை அந்தக் கோடியில, அடுப்பு இந்தக் கோடியில. தினமும் எட்டடி தூக்கிட்டு நடப்பாளா அவ? உப்பு ஜாடிக்கு மூடியைக் காணோம். துறைமுகத்துல உப்பைத் தொறந்து வெச்சா மறுநாள் தண்ணியாத்தான் நிக்கும். சமையக்கட்டுப் பக்கம் எட்டிப் பாக்காத மனுஷன் நாப்பது சமையக்கட்டு கட்டியிருக்காரு பாரு.”

காலண்டர் சிரித்துவிட்டான். சிரித்த உடனே பயந்துபோய் அவளைப் பார்த்தான். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அக்கா பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

“மூடி போட்டுடலாம் அண்ணி. ஒரு நிமிஷ வேலை.” அவன் போட்டான். அடுப்பைக்கூட நகர்த்தினான். அதன் பிறகு இருவரும் வேகமாகப் போனார்கள், இருபது, முப்பது, நாற்பது.

நாற்பத்தோராவது கதவைத் திறந்தால் நாலு சுவரும் தரையும் மட்டும்தான் இருந்தன. ஒரு மூலையில் அடுப்பு, அதற்கு மேலே காலியாக ஒரு பலகை.

“முடிக்கலை போல,” என்றான் காலண்டர். “பரவாயில்லை. இது ஒண்ணை மட்டும் பூட்டிடறேன். யாருக்கும் தெரியாது.”

“இது யார் வீடு?”

எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், உள்ளே என்னென்ன என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அவன் அதைத் திறந்து கடைசி வரிக்குப் போனான். வாசிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அவளே குனிந்து படித்தாள்.

‘கப்பலில் போன புருஷன் திரும்பலை. தனியா இருக்கா. உள்ளே என்ன இருக்கும்? வீட்ல கேக்கணும்.’ அதற்குக் கீழே, இரண்டு நாள் தள்ளிய தேதியில், ‘கேட்டேன். வேலையா இருந்தாங்க. மறுபடி கேக்கணும்.’

அவளுக்கு அந்த சாயங்காலம் ஞாபகம் வந்தது. போன வாரம்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் வந்து நின்றார், அவர் அங்கே வந்ததே அதிசயம். ஒருத்தி தனியா இருந்தா அவ வீட்டில் எத்தனை தட்டு இருக்கும் என்று கேட்டார். விடுதியில் அன்று ஆள் குறைவு, இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஏன், என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற உத்தேசமா, போய் வேலையைப் பாருங்க என்றாள். அவர் சிரித்தார். உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“பூட்டிடறேன் அண்ணி,” என்று மறுபடி சொன்னான் காலண்டர், மெதுவாக. “மணி நாலே கால்.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அக்கா ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தாள். அவள் தட்டு அடுக்குக்கு முன்னால் நின்று எண்ணினாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“தட்டு ஆறு போடு.”

“ஆறா? தனியா இருக்கறவங்களுக்கு…”

“ஆள் போனா தட்டையா தூக்கிப் போடுவாங்க? இருந்தது அப்படியேதான் இருக்கும். அஞ்சை மேல அடுக்கு. ஒண்ணை மட்டும் கீழ வை, அடுப்புகிட்ட.”

அவன் போட்டான்.

“பாத்திரம் பெரிசா வை. சின்னது வாங்கியிருக்க மாட்டா. அடியில கொஞ்சமா சோறு இருக்கட்டும்.”

“சரி.”

“அளவு தெரியாம முதல்ல நிறைய வடிச்சிருப்பா. அப்புறம் பழகியிருக்கும்.”

அவன் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. “மேஜை போடவா அண்ணி? உக்காந்து சாப்பிட?”

“உக்கார மாட்டா. அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே சாப்பிட்டுடுவா.” அவள் நிறுத்தினாள். “இருந்தாலும் போடு.”

மேஜை வந்தது. இரண்டு நாற்காலியும் வந்தன. ஒன்றை மேஜைக்கு முன்னால் போட்டான். மற்றதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரம் ஒதுக்கி வைத்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். அவளுக்குப் பழக்கமில்லை, நாற்காலி முதலில் கூரைக்குப் போயிற்று, அப்புறம் சுவருக்குள் பாதி புகுந்தது. அவன் உதவ வரவில்லை. மூன்றாவது தடவை அது தரையில் நின்றது. அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மேஜைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் வந்து உட்காருகிற அளவுக்கு இடம் விட்டுப் போட்டாள்.