வெளிச்சத் தொட்டி, இருட்டுத் தொட்டி

பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, மாற்றி முடிக்கும்வரை பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறிலிருந்து எட்டாம் வகுப்புவரை வாரம் ஒரு தாள் வரும். கணக்கு, அறிவியல், மொழி, சமூக அறிவியல் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது இருக்கும். பிள்ளைகளே செய்ய வேண்டும், பெற்றோர் கை வைக்கக் கூடாது என்று தாளின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் அந்த ஒரு வரியை மட்டும் யாரும் படிக்கவில்லை.

மூன்றாம் மாடியில் எரிமலை மாதிரி செய்வதற்குத் தச்சரையே வரவழைத்தார்கள். "எரிமலைக்கு வார்னிஷ் அடிச்சிரலாமா சார்?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் படிக்கட்டு அப்படி.

மொழிப் பாடத்துக்கு, வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்டு அப்படியே எழுதி அனுப்பச் சொன்னார்கள். அந்த வாரம் கட்டடத்தில் அநேகமாக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கணவன் மனைவி சண்டையெல்லாம் சைகையிலேயே நடந்தது. சமூக அறிவியலுக்குத் தெருவின் வரைபடம். எந்த வீட்டில் யார், என்ன தொழில் என்று குறிக்க வேண்டும். பிள்ளைகள் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். கேட்டதற்கு மேலேயே சொல்லி அனுப்பினேன். யார் யாரோடு பேசுவதில்லை என்பதை வரைபடத்தில் காட்டுவதற்குக் குறியீடு கிடையாதாம். பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது?

போகட்டும். நான் சொல்ல வந்தது எதிர்வீட்டு விஷயம்.

எதிர்வீட்டுக்காரரைப் பாட்டில்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். புதிதாகக் குடிவருகிறவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டு, அவரைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள். மனிதர் டீகூடக் குடிக்க மாட்டார். கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. விளக்கெரியும் பலகைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருக்க, பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். குமிழி, கீறல், கழுத்துக் கோணல், எது கண்ணில் பட்டாலும் ஒரே தட்டு. கீழே விழுந்து உடையும். உடைந்தது மறுபடி உலைக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒரு கோணல் பாட்டில்கூட அவரைத் தாண்டி வெளியே போனதில்லை என்று அவர் மனைவி பெருமை பேசுவாள். அவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிறாள். வீட்டிலும் அதே குரல்தான். "அடுத்து யாரு குளிக்கிறது?" என்று அங்கே சத்தம் வந்தால், இங்கே எங்கள் வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இரண்டு சமையலறை ஜன்னல்களும் காற்றுச் சந்தில் எதிரெதிரே இருக்கின்றன. நான் என்ன செய்ய?

அவர்களுக்கு ஒரே மகள். ஏழாம் வகுப்பு. அப்பா என்றால் உயிர். எதைச் செய்தாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுபோய் நீட்டுவாள். அவரும் அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், காகிதமாக இருந்தாலும் சரி. மதியத்துக்கு மேல் ஷிப்ட் என்பதால் காலை முழுக்க அவளோடுதான் இருப்பார். தாள் வர ஆரம்பித்ததும் செக்கிங் வேலை வீட்டிலும் தொடங்கிவிட்டது.

முதல் வாரம் கணக்குக்கு, கூடத்தை அளந்து பரப்பளவு காண வேண்டும். பெண் டேப்பைப் பிடித்து அளந்தாள். ஒரு சுவர் எதிர்ச்சுவரைவிடக் கொஞ்சம் நீளமாக வந்தது.

"ரூம்னா எதிரெதிர்ச் சுவர் சமமாத்தான் இருக்கணும் கண்ணு. டேப்பை லூசா பிடிச்சிருப்ப."

"ரெண்டு மூணு தடவ அளந்து பாத்தேன்பா."

"அத்தனை தடவையும் லூசா பிடிச்சிருப்ப."

அழித்துவிட்டு அவரே சமமாக எழுதினார். இந்தக் கட்டடத்தைக் கட்டிய புண்ணியவானின் லட்சணம் எனக்குத் தெரியும். என் பீரோ நிற்பதே மடித்து வைத்த அட்டைமேல்தான். குழந்தை அளந்ததுதான் சரி.

அடுத்து அந்தப் பேச்சை எழுதும் பாடம். அவள் அப்பா அம்மா பேசியதை அரைகுறையாக, விட்ட இடம் விட்டபடி அழகாக எழுதியிருந்தாள். அவர் உட்கார்ந்து திருத்தினார். "சாப்பிட வர்றீங்களா, மூடி வைக்கட்டுமா?" என்று மனைவி கேட்டது "தாங்கள் உணவருந்த வருகிறீர்களா?" என்று ஆகிவிட்டது. மனைவி அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்த வீட்டுல இப்படிப் பேசுற பொம்பள எங்க இருக்கா? சொல்லுங்க, நானும் ஒரு தடவ பாத்துட்டு வரேன்."

"சிரி, சிரி. என் பொண்ணு கையிலேருந்து போற எதுலயும் ஒரு கீறல் இருக்கக் கூடாது."

"அவ எழுதினா அவ எழுதின மாதிரி இருக்கட்டுமே."

"உனக்குத் தெரியாது. வெளிய போயிட்டா அப்புறம் திருத்த முடியாது."

அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மனிதரிடம் இருந்த அன்பெல்லாம் அழிரப்பர் வழியாகத்தான் வெளியே வந்தது. பெண்ணும் பொறுத்துக்கொண்டாள். கொஞ்சம் முகம் சுருங்கும், பிறகு அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

அறிவியலுக்கு வந்தது செடி. இரண்டு தொட்டியில் பீன்ஸ் விதை போட வேண்டும். ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். ஒன்று ஜன்னலில், ஒன்று இருட்டில். தினமும் உயரத்தை அளந்து கோடு போட வேண்டும். இருட்டுக்கு அவள் தேர்ந்தெடுத்தது எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் அவர்கள் வீட்டுச் செருப்பு அலமாரி. செருப்பெல்லாம் வெளியே வந்துவிட்டது. தடுக்கி விழாதவர் இல்லை. நான் ஒருநாள் சும்மா திறந்து பார்க்கப் போனேன், எங்கிருந்தோ பாய்ந்து வந்துவிட்டாள்.

"திறக்காதீங்க அத்தை! வெளிச்சம் பட்டா எல்லாம் கெட்டுச்சு!"

"இல்லம்மா, என் செருப்பு உள்ள இருக்கான்னு..."

"உங்க செருப்பு உங்க கால்ல இருக்கு அத்தை."

ஒரு சாயங்காலம் அவளே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அலமாரிக் கதவை லேசாகத் திறந்தாள். உள்ளே செடி வெளுத்து மஞ்சளாக, நூல் மாதிரி மெலிந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நோயில் படுத்து எழுந்த மாதிரி இருந்தது. ஆனால் ஜன்னல் செடியைவிட நல்ல உயரம்.

"பாத்தீங்களா? இதுதான் உசரம்! வெளிச்சம் எங்கன்னு தேடிக்கிட்டு ஓடுது அத்தை, பாவம்."

"இப்படி வெளுத்துக் கிடக்கே?"

"அதான் பாக்கணும். தாளைக் குடுத்து முடிச்சதும் வெளிய எடுத்து வைக்கப் போறேன். வெளிச்சம் கிடைச்சா பச்சையாகுமா, இல்ல இப்படியே இருக்குமான்னு. தாள்ல அதக் கேக்கல. எனக்கே தோணுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பாகிட்ட சொல்லிராதீங்க. முழுசா பச்சையானதும் நான்தான் காட்டணும்."

என்னிடம் போய் இதைச் சொல்கிறாளே என்று இருந்தது. வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு திரிவதுபோல் திரிந்தேன். ஆனாலும் சொல்லவில்லை.

தாள்களை வாங்கிப்போக ஆள் வரும் நாள். பெண் கோடெல்லாம் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். பாட்டில்காரர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். இருட்டுக் கோடு மேலே போகிறது, வெளிச்சக் கோடு கீழே நிற்கிறது. வெளிச்சமில்லாமல் எந்தச் செடி வளரும்? குழந்தை பெயரை மாற்றிப் போட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். சந்தேகத்துக்கு அலமாரியைத் திறந்தும் பார்த்திருக்கிறார். அங்கே அந்த நோஞ்சான் நிற்கிறது. கண்ணில் பட்டது வெளுப்புதான், உயரம் படவில்லை. ஒரு பார்வை போதாதா அவருக்கு?

நான் பால் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தபோது அவர் காலித் தொட்டியோடு கீழிருந்து ஏறி வந்தார். குப்பை வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, அந்தத் தொட்டி பாப்பாவோடது ஆச்சே?"

"உள்ள இருந்தது வீணாப் போச்சுக்கா. பாத்தா அழுவா. அதான் அவ வர்றதுக்குள்ள எடுத்துட்டேன். கோட்டையும் சரி பண்ணி உறையில போட்டுக் குடுத்தாச்சு."

முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கேட்பதற்கு நான் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாயங்காலம் செடியை வெளியே எடுக்க அவள் அலமாரியைத் திறந்தாள். அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். வெளியே கிடந்த செருப்புகளை அவள் ஒவ்வொன்றாக நகர்த்தி, அலமாரிக்குப் பின்னால் எங்காவது விழுந்திருக்குமோ என்று தேடினாள். அவள் அம்மா வந்து விஷயத்தைச் சொன்ன பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மாவுக்குக்கூட அன்றைக்கு அந்த டோக்கன் குரல் வரவில்லை.

மறுநாள் அவர் ஒன்றும் புரியாமல் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல செடிதான் ஜன்னல்ல இருக்கே கண்ணு. நீ பேரை மாத்திப் போட்டிருந்த, அப்பா பாத்ததால தப்பிச்ச." அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தாள் திரும்பி வந்தது. அறிவியல் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். இருட்டில் வைத்த செடிதான் வெளிச்சம் தேடி உயரமாக வளரும், செய்து பார்க்காமல் ஊகித்து எழுதியவர்கள் மறுபடி செய்யவும். இந்தக் கட்டடத்திலேயே வாராவாரம் தானே ஒழுங்காகச் செய்தவள் அந்தப் பெண் ஒருத்தி. செய்யாமல் எழுதியவள் என்ற பெயரும் அவளுக்கே. மூன்றாம் மாடிப் பையனுக்குப் பாராட்டு. செடிக்குத் தச்சர் தேவைப்படாததால் அவனே வளர்த்திருக்கிறான். கூரை வேலை முடிந்ததும் அவன் தாளைப் பள்ளிச் சுவரில் ஒட்டப்போகிறார்களாம்.

பாட்டில்காரர் அந்தச் சிவப்பு எழுத்தை வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு அதை வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். அங்கே நடந்தது எனக்கு மூன்றாம் மாடி அம்மா மூலமாக வந்தது. அவள் தன் மகனுக்குக் கிடைத்த பாராட்டை இன்னொரு முறை நேரில் கேட்கப் போயிருந்தாள்.

"மேடம், தப்பு என்னோடது. அவ சரியாத்தான் போட்டிருந்தா. நான்தான் மாத்திட்டேன்."

"அப்ப அந்தச் செடியக் கொண்டு வாங்களேன், பாத்துட்டுத் திருத்திடலாம்."

"தூக்கிப் போட்டுட்டேன் மேடம். பாக்க நல்லா இல்ல."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாராம். "நான் நம்புறேன். முதல்ல அவ போட்ட கோட்டையே மறுபடி போட்டு அனுப்பச் சொல்லுங்க. அதையும் சுவத்துல ஒட்டுறேன்."

அவர் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார். வழியில் புது விதையும் ஒரே மாதிரி இரண்டு தொட்டியும் வாங்கியிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

"சரியாயிடுச்சு கண்ணு! நீ போட்ட மாதிரியே போட்டுக் குடுத்தாப் போதும். செவுத்துல ஒட்டுவாங்க."

"வேணாம்பா."

"ஏம்மா?"

"செவுத்துல ஒட்டுறதுக்கா வளத்தேன்? அது பச்சையாகுமான்னு பாக்கணும்னு இருந்தேன்."

"அவ்வளவுதானே? டீச்சர்கிட்டயே கேட்டு வந்து சொல்லட்டா?"

"நீங்க சொல்ல வேணாம்பா. நான் பாக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் மரியாதையாகச் சொன்னாள். விருந்தாளியிடம் போதும் என்று சொல்வோமே, அந்த மாதிரி. பிறகு புதுத் தொட்டிகளைப் பார்த்து, "நல்லா இருக்குப்பா" என்றாள். அவை அவர்கள் வீட்டு மேஜையிலேயே இருந்தன.

அன்றைக்கே அவள் என் வீட்டுக்கு வந்தாள், ஒரு பழைய டப்பாவும் மண்ணும் முன்பு மிஞ்சிய விதையுமாக.

"அத்தை, உங்க சமையலறை அலமாரியில கீழ்த்தட்டு கொஞ்ச நாளைக்குக் கிடைக்குமா?"

என் பெரிய பாத்திரமெல்லாம் கட்டிலுக்கு அடியில் போனது. எங்கள் வீட்டுக்காரர், "செடி குடிவந்திருக்கு, நான் எங்க போகட்டும்?" என்று முனகினார். அவள் தினமும் வருவாள், கதவை ஒருக்களித்து அளப்பாள், போய்விடுவாள். அடுத்த வாரங்களில் வந்த தாள்களையும் என் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டுதான் எழுதினாள். முடித்ததும் உறையில் போட்டு ஒட்டிவிடுவாள். பிறகுதான் வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

ஒருநாள் ஷிப்டுக்குக் கிளம்பிய பாட்டில்காரர், சாப்பாட்டுப் பையோடு என் வாசலில் நின்றார்.

"வளந்திருக்காக்கா?"

"அவகிட்டயே கேளுங்களேன் தம்பி."

"கேட்டா சொல்லிருவா. 'நல்லா இருக்குப்பா'ன்னு சொல்லுவா." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "முன்னெல்லாம் நான் கேக்கவே வேணாம்."

ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் அப்போது பார்த்து ஓய்ந்துவிட்டது. அவர் இறங்கிப் போனார்.

வெளுத்து நீண்ட அந்தப் புதுச் செடியை அவள் வெளியே எடுத்து என் சமையலறை ஜன்னலில் வைத்தாள். அடுத்த நாள் இலையோரத்தில் லேசாக ஒரு பச்சை. அதற்கு மறுநாள் காலை இலை முழுக்கப் பச்சை ஏறியிருந்தது. "அத்தை, ஆயிருச்சு! ஆயிருச்சு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்ததை நான் கவனிக்கவில்லை.

சந்துக்கு அப்பால் எதிர் ஜன்னலில் அவர் நின்றிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தச் சத்தம் அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. எட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். கழுவிய டம்ளரையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

அவள் குதிப்பதை நிறுத்தினாள். அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூப்பிடுவாள் என்றுதான் நினைத்தேன், உதடுகூட அசைந்தது. பிறகு ஸ்கேலை எடுத்துச் செடிக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து அளக்க ஆரம்பித்தாள்.